அம்மா பிரிக்க, நான் தைக்க

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அதாவது இன்று காலை நிலவரப்படி நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. உன் கடிதம் வந்தது. எப்போதோ மூடிவிட்ட தன் கடையைத் திறக்கணும் என்று அம்மா கிளம்பி பஸ் ஸ்டாப் வரை போய்விட்டாள் என்று கேட்டதிலிருந்து உனக்குத் தூக்கமில்லை, அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு எனக்கும் உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் நான் அனுப்புவதாக இல்லை, ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

போன மாதம் என் பேன்ட்டுகளின் பின்பக்கத் தையலையெல்லாம் பிரித்து மடித்து வைத்துவிட்டாள். அது தெரியாமல் ஒன்றை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் வரிசையில் நின்றால் பின்னால் காற்று வாங்குகிறது. பையை வைத்து மறைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். வந்த வேகத்தில் அவளிடம் கத்திவிட்டு, கத்தரியை பீரோ மேல் ஒளித்து வைத்தேன், அதுதான் தப்பாகப் போயிற்று. மறுநாளே அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். ஆல்டரேஷன் கடை நடத்தியவள் அல்லவா, அந்த வேலையில் முதலில் பிரிக்கணும், அப்புறம்தானே தைக்கணும். தைப்பது மறந்துவிட்டது, பிரிப்பது மட்டும் கையில் நிற்கிறது. வீட்டில் வேலை இல்லையென்றால் கடைக்குத்தானே கிளம்புவாள்.

அதனால் இப்போது நான் தைக்கிறேன். சிரிக்காதே. பஸ் ஓட்டின கைக்கு ஊசி பிடிபட நாளாயிற்று, விரலெல்லாம் குத்து. பழைய போர்வையைத் துண்டு போட்டு, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து மேஜையில் அடுக்குகிறேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முனை மழுங்கிய சின்னக் கத்தரியால் நிதானமாகப் பிரிக்கிறாள், நான் மறுபடியும் தைக்கிறேன். கடை திறந்தாகிவிட்டது, இனி வாசல் பக்கம் எதற்குப் பார்க்கப்போகிறாள், கூப்பிட்டால் சாப்பிடவும் வருகிறாள். எல்லா நாளும் இப்படி இல்லை, நேற்று குளிக்க மாட்டேன் என்று தண்ணீரை என் மேலேயே கொட்டினாள், நான் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, ஊசியில் நூல் கோத்தேன். யார் உதவியும் வேண்டாம் என்ற வீம்பையும் விட்டுவிட்டேன், மாடி வீட்டு அக்கா சாயங்காலம் வந்து அவளோடு உட்கார்கிறார், நான் தெருவைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறேன். கதவில் மணி கட்டியாயிற்று. என்னால் முடியாத நாள் வந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன், மறைக்க மாட்டேன்.

நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லையம்மா. கடைக்குப் புதிதாக வந்த ஆள் என்று நினைக்கிறாள். முந்தாநாள் நான் தைத்ததைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, அந்த அக்காவிடம் என்னைக் காட்டி, "இவருக்குத் தையலே வரல. ஆனா வேலைய விட்டு அனுப்ப மாட்டேன், சொன்னா கேக்குற ஆளு" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு நல்ல பேர் நான் அவளிடம் வாங்கியதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, என்னை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் மூவரும் நீண்ட காலம் சந்தோஷமாக இருக்கணும். வரும்போது குழந்தையின் சிறுத்துப்போன துணிகளைக் கொண்டு வா, மறந்துவிடாதே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைத் தெரிகிறதா என்று மட்டும் கேட்காதே. பிரிக்க ஒரு துணியைக் கொடு.

இப்படிக்கு,
அம்மா கடையில் வேலை பார்க்கும்
உன் அப்பா