ஜன்னலை அடைத்த பத்தொன்பது நாள்

14 நவம்பர், வெள்ளி

ஐந்தாம் நாளாக மழை. எங்கள் தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் ஈரம் குடித்துத் தொய்ந்து கிடக்கிறது. குறுக்கு நூல் ஏற்றிய நாடாவை விட்டால் இழையோடு இழை ஒட்டி அறுகிறது. நெசவாளர் சங்கத்துப் போட்டிக்குப் புடவை கொடுக்கக் கடைசி நாள் டிசம்பர் 22. இரண்டு வருடமாக எனக்கு இரண்டாம் பரிசு. இரண்டு வருடமும் முதல் பரிசு எதிர்வீட்டுக் கலியாணசுந்தரத்துக்கு. அவன் நெய்தது நன்றாக இல்லை என்று சொல்லமாட்டேன். என்னுடையது அதைவிட நன்றாக இருந்தது என்றுதான் சொல்வேன்.

இந்த வருடம் முந்தியில் பன்னிரண்டு யாளி. ஒன்றின் முகம் போல இன்னொன்று கிடையாது. இப்படி ஒரு முந்தி இந்த ஊரில் யார் நெய்திருக்கிறான், காட்டட்டும். ஒன்பதாவது யாளிக்குக் கலியாணசுந்தரத்தின் மூக்கு. என் மனைவி கலைவாணிக்கு மட்டும் வரைபடத்தைக் காட்டினேன். "பாவங்க அவரு" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

16 நவம்பர், ஞாயிறு

மச்சான் முனிரத்தினம் டில்லியிலிருந்து வந்தான். அங்கே கண்காட்சிகளில் புடவைக் கடை போடுகிறவன். கையில் ஒரு கேஸ் ஹீட்டர். கீழே சின்ன சிலிண்டர், மேலே ஒரு தட்டு. பற்றவைத்தால் தட்டு செக்கச்செவேல் என்று ஆகிறது.

"டில்லிக் குளுருக்கே தாங்குது மாமா. நம்மூரு மழ இன்னா பெருசு?"

தறி அறையில் அரை மணி நேரம் எரியவிட்டோம். பாவைத் தொட்டுப் பார்த்தேன். விறைத்து நிற்கிறது! மூளை இருப்பவனுக்கு மழையாவது ஒன்றாவது.

17 நவம்பர், திங்கள்

ஜன்னலை அடைத்துவிட்டேன். ஈரக்காற்று வரக்கூடாது, அது ஒன்று. எதிர்வீட்டுக் கண் வரக்கூடாது, அது இன்னொன்று. சாக்கு வைத்து ஆணி அடித்து, இடுக்கில் எல்லாம் டேப் ஒட்டினேன். கதவுக்கடியில் பழைய போர்வை.

எங்கள் தறிக்குழி பின் சுவரோரம் இருக்கிறது. அங்கிருந்து கதவுவரை பாவு அறையை அடைத்துக்கொண்டு நீள்கிறது. ஓரமாக ஒரு முழச் சந்து, போக வர. ஹீட்டருக்கு வேறு இடமில்லை. அந்தச் சந்தில்தான் வைத்தேன். நாங்கள் பாவுக்கு அடியில் குனிந்து போய்க் குழியில் உட்கார்ந்துகொள்கிறோம். கோர்வைப் புடவை, உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நாடா. ஒரு கரையின் நாடா கலைவாணி கையில். அவள் பக்கத்தில் இல்லாமல் ஒரு விரற்கடை நகராது.

இன்று தெருவில் ஓடியது ஒரே தறி. யாருடையது என்று எழுத வேண்டுமா?

20 நவம்பர், வியாழன்

அமாவாசை. தறிக்கு விடுமுறை. இரண்டு நாளாகத் தலைவலி, தலைவலி என்றவள் இன்று காலையில் கோயிலுக்குப் போய்வந்து வடை சுட்டாள். "வேலைன்னா தலவலி, லீவுன்னா வடையா?" என்றேன். முறைத்தாள். வடை மட்டும் நன்றாக இருந்தது.

24 நவம்பர், திங்கள்

கலைவாணிக்கு மறுபடி தலைவலி. மத்தியானம் வாந்தி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் கிறுகிறு என்று இருக்கிறது. மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும்.

27 நவம்பர், வியாழன்

முந்தி முடிந்தது, இனி உடல்தான் பாக்கி. பன்னிரண்டு யாளியும் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கின்றன.

1 டிசம்பர், திங்கள்

தறி அறைச் சுவர் வேர்க்கிறது. ஹீட்டர் சுவருக்குள் இருக்கும் ஈரத்தையே வெளியே இழுக்கிறது என்று கலைவாணிக்கு விளக்கினேன். அவள் அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை.

"ரேஷன் கடையில ஒரு மணி நேரம் நின்னுக்கினு இருந்தேங்க, தல வலிக்கல. உள்ள வந்து உக்காந்தா வலிக்குது. அது எப்படி?"

"ரேஷன் கடையில நாடா போட வேணாம் இல்ல" என்றேன். நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

3 டிசம்பர், புதன்

கார்த்திகை தீபம். வாசலில் அகல் வைக்கும்போது கலியாணசுந்தரம் எதிரிலிருந்து கேட்டான்: "இன்னாபா குமாரு, ஜன்னல அட்ச்சிக்கினு உள்ள புதையலா எடுக்கறே?" சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். மூன்று வாரமாக அவன் தறி சும்மா கிடக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் நோட்டில் எழுத எனக்கு என்ன வெட்கம்.

7 டிசம்பர், ஞாயிறு. ஆஸ்பத்திரி

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நாடாவை அந்தப் பக்கம் விட்டேன். திரும்பி வரவில்லை. "இன்னாடி தூக்கமா?" என்றேன். கலைவாணி தறிமேல் சாய்ந்திருந்தாள். தோளை உலுக்கினேன், தலை தொங்கியது. எழுந்தேன். என் காலும் என்னுடையதாக இல்லை.

சந்தில் ஹீட்டர் தகதக என்று எரிகிறது. பாவுக்கு அடியில் நான் குனிந்து போகலாம் — அவளை? மயங்கிக் கிடப்பவளை அந்தத் தாழ்வில் எப்படி இழுப்பது? ஜன்னல் பாவுக்கு அந்தப் பக்கம். நானே அடித்த ஆணி. கத்தினேன். கதவுக்கடியில் நானே திணித்த போர்வை. எவன் காதில் விழும்?

கத்தியை எடுத்தேன். இழுத்துக் கட்டிய பாவைக் குறுக்கே ஒரே அறுப்பு. ஆயிரக்கணக்கான இழை, இரண்டு பக்கமும் சுருண்டு விழுந்தது. என் பாவை எவனாவது அழுக்குக் கையால் தொட்டாலே அடிக்கப் போகிறவன் நான். நான்தான் அறுத்தேன். யோசிக்கக்கூட இல்லை, அதுதான் நிஜம். அவளை அதன் நடுவாகவே இழுத்துக்கொண்டு வாசலில் வந்து விழுந்தேன். ஆட்டோவில் யார் ஏற்றினார்கள் என்று தெரியவில்லை.

டாக்டர் சின்னப் பெண். கலைவாணிக்கு ஆக்ஸிஜன் வைத்துவிட்டு என்னைத்தான் கேட்டது: "வீட்ல மூடின ரூம்ல என்ன எரிச்சீங்க?" சொன்னேன். காற்று வராத அறையில் கேஸ் எரிந்தால் ஒரு விஷக்காற்று சேருமாம். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. உள்ளே தலைவலி, வெளியே போனால் சரி — அதுதான் அடையாளமாம். "அம்மா எதுவும் சொல்லலையா?" என்றது.

சொன்னாள். நான்தான் நல்ல பதில் சொன்னேன்.

இன்று காலை கலைவாணி கண் திறந்து, "பாவு?" என்று கேட்டாள். அழுதுவிட்டேன். வார்டில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

10 டிசம்பர், புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. முதல் வேலையாக ஜன்னல் சாக்கைப் பிய்த்து எறிந்தேன்.

அறுந்த இழைகளை ஒன்றோடு ஒன்று முறுக்கிச் சேர்க்கலாம். ஆனால் சேர்த்த இடம் புடவைக்கு நடுவில் தெரியும். பரிசுக்கு ஆகாது. இந்த வருடமும் போயிற்று.

தெருவில் கேட்டவர்களிடம் கலைவாணிக்கு லோ பிரஷர் என்று சொல்லிவிட்டேன். முனிரத்தினத்திடமும் போனில் அதையேதான் சொன்னேன். நெய்கிறவன் அறையைத் தானே மூடிக்கொண்டு பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தான் என்று எந்த வாயால் சொல்வது? கலியாணசுந்தரம் பார்க்க வந்தான். அறுந்த பாவைப் பார்த்தான். "எலிபா" என்றேன். இழை நுனியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

13 டிசம்பர், சனி

கலைவாணி வாசலில் நின்று கூப்பிட்டாள். "எதிர் வீட்டு ஜன்னலப் பாருங்க."

பார்த்தேன். பலகை வைத்து அடைத்திருக்கிறது. உள்ளே தறி அடிக்கும் சத்தம்.

முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன். போன வாரம்தான் கலியாணசுந்தரம் அவனிடம் ஒரு ஹீட்டர் வாங்கினானாம். "உங்க கையில நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னேன் மாமா, ஒடனே வாங்கிக்கினாரு." இன்னும் இரண்டு வீட்டிலும் வாங்கியிருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் தெரு முழுக்கத் தெரியும். அவனிடம் போய் நின்று, நான் முட்டாள், என் வீட்டில் எலி இல்லை என்று... அவன்கிட்டயா? வேற எவன்கிட்டயாவது சொல்லச் சொன்னா சொல்லிட மாட்டேனா?

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள் கலைவாணி. முழுசாக மூச்சு விடக்கூட அவளுக்கு இன்னும் சிரமம். செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அதே நாள், சாயங்காலம்

கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கலியாணசுந்தரம் பாய்ந்து வந்து தறிமேல் துணியைப் போர்த்தினான்.

"டிசைன் பாக்க வந்தியா? நீயெல்லாம் ஒரு மனுசனா!"

நான் நேரே ஹீட்டர் குமிழைத் திருகி அணைத்தேன். பலகையைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன். அவன் என் சட்டையைப் பிடித்தான். அவன் மனைவி கிருஷ்ணம்மாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"உனுக்கு எத்தினி நாளா தலவலிமா?" என்றேன்.

"மூணு நாளா, அண்ணா. உங்களுக்கு யாரு சொன்னது?"

அவன் பிடி தளர்ந்தது. இரண்டு பேரையும் தெருவுக்குக் கூட்டிவந்து, வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். டேப் ஒட்டியது, வடை கேலி, ரேஷன் கடை பதில் — ஒன்றையும் விடவில்லை. கடைசியாக, "எலி இல்லபா. நான்தான் அறுத்தேன்" என்றேன்.

"தெரியும்பா" என்றான். "எலி ஒரே கோட்டுல கடிக்காது. நான் வேற நெனச்சேன். புருசன் பொண்டாட்டி சண்டன்னு."

கிருஷ்ணம்மாளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தோம். ஆட்டோவில், என் செலவில். வேறு யார் கூட்டிப்போவது.

17 டிசம்பர், புதன்

மற்ற இரண்டு வீட்டுக்கும் நானே போனேன். இன்று சங்கத்தில் பேசச் சொன்னார்கள். அறுபது பேர் இருப்பார்கள். மைக் நன்றாகத்தான் வந்தது. கேஸ் எரிந்தால் அதிலிருந்தே தண்ணி ஆவியாக வரும், சுவர் வேர்ப்பது அதனால்தான், பாவுக்கு நல்லதும் இல்லை என்று கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை நானே கண்டுபிடித்தமாதிரி சொன்னேன். எரிக்கிறவன் எதிரெதிரே இரண்டு பக்கம் திறந்துவைத்து எரி, போகிற வழியில் வைக்காதே, துணிக்குக் கிட்டே வைக்காதே, விட்டுவிட்டு எழுந்து போகாதே, தூங்காதே. முக்கியமாக, பெண்டாட்டி தலைவலி என்றால் வாயை மூடிக்கொண்டு வெளியே வா. அதற்குப் பெண்கள் பக்கம் நல்ல கைதட்டல்.

ஒருத்தனும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்றுதான் பத்து நாள் பயந்தேன்.

22 டிசம்பர், திங்கள்

மழை விட்டு ஒரு வாரம் ஆயிற்று. கலியாணசுந்தரம் கடைசி மணி நேரத்தில் புடவையைக் கொடுத்துவிட்டான். கொடுக்கும் முன்னால் என்னிடம் பிரித்துக் காட்டினான். பிறந்ததிலிருந்து எதிரெதிரே இருக்கிறோம், அவன் காட்டியது இதுதான் முதல் தடவை. கரையில் அன்னம். அழுத்தமான வேலை. தலையை ஆட்டினேன்.

18 ஜனவரி, ஞாயிறு

பரிசளிப்பு. முதல் பரிசு கலியாணசுந்தரம்.

பெயரைக் கூப்பிட்டதும் அவன் தனியாக ஏறவில்லை. கிருஷ்ணம்மாள் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனான். இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாடா போடுகிறவளை எவன் மேடை ஏற்றினான்? இரண்டு பேரும் புடவையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் கை தட்டியது நான். கடைசியில் நிறுத்தியதும் நான்தான்.

கலைவாணி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "மனசுக்குக் கஷ்டமா இருக்குதா?"

"இன்னா கஷ்டம்? புடவதான்டி அவனுது" என்றேன். "அதப் புடிச்சிக்கினு உசுரோட நிக்குது பாரு ரெண்டும், அது நம்ம சரக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.