குறை மட்டுமே கூவிய கொற்றியின் கடைக்கல் குறித்து மூங்கில்துறை மன்றத்தார்க்கு விடுத்த ஓலை

மழை முறை தவறாது பெய்க. வயல் விளைக. விளைந்தது வீடு சேர்க. ஏழு குன்றும் மூன்று ஆறும் உடைய வேய்ங்குன்ற நாட்டை, இடையன் தன் மந்தையைப் பார்ப்பதுபோல் நாள்தோறும் பார்த்துக் காத்துவரும் நெடுவேய்க்கோமான் திருவடி நீடு வாழ்க.

அத்திருவடியின் ஆணையால், களஞ்சிய அமைச்சர் தாழையூர்கிழார் எயினனார் சொல்ல எழுதப்பட்ட இவ்வோலை, ஆற்று வணிகத்தாலும் அளவு பிழையாத நாழியாலும் புகழ்பெற்ற மூங்கில்துறை நகரத்து அங்காடி மன்றத்தாரையும், நரைத்த மீசையும் நரையாத பிடிவாதமும் உடைய அவர்தம் தலைவர் பெருஞ்சேந்தனாரையும் அணுகி நலம் கேட்கிறது. மன்றத்தார் அனைவரும் நலமே இருப்பாராக. அவர்தம் செவிகளும் நலமே இருப்பனவாக. இவ்வோலைக்கு முதலில் வேண்டியவை அவையே.

மன்றத்தார் விடுத்த முறையீட்டு ஓலை வந்து சேர்ந்தது. அமைச்சர் அதை ஒருமுறை வாசித்தார். வாசித்தது சரிதானா என்று ஐயுற்று மறுமுறை வாசித்தார். மூன்றாம் முறை வாசிக்கத் தொடங்கியபோது தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். எலிப்பொறி செய்து விற்கும் கொற்றி என்பவள் தன் பொருளின் சிறப்பைச் சந்தையில் கூறவில்லை, ஆகையால் அவள் கடை விரிக்கும் கல் இனி அவளுக்கு உரியதன்று என்கிறது அம்முறையீட்டின் முதற்பாதி. அதே கொற்றி கடந்த சந்தையில் தன் பொருளின் சிறப்பைக் கூறிவிட்டாள், ஆகையாலும் அக்கல் அவளுக்கு உரியதன்று என்கிறது மறுபாதி. வாய் திறவாமை ஒரு குற்றம், திறந்தமை மற்றொரு குற்றம் என்றால், அந்தப் பெண் தன் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று அமைச்சர் சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவர் விடை சொல்லவில்லை. மன்றத்தாரேனும் சொல்லக் கடவர்.

இவ்வோலையின் படி ஒன்று மன்னர் திருமுன் வாசிக்கப்படும். ஆகையால் மன்றத்தார் அறிந்த செய்தியையும் முதலிலிருந்தே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

மூங்கில்துறைச் சந்தை எட்டு நாளுக்கு ஒருமுறை கூடுவது. அங்கே கடை விரிப்போர் யாவரும், முரசு அறைந்தபின் தத்தம் கல்லின்மீது ஏறி நின்று, முதலில் தம் பொருளின் குறை ஒன்றையும் பிறகு அதன் நிறை ஒன்றையும் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. குறையை ஒளிப்பவன் வாங்குவோனை ஏய்க்கிறான், நிறையை ஒளிப்பவன் தன்னையே ஏய்க்கிறான் என்று கண்டவர்கள் வகுத்தது. தொடர்ந்து மூன்று சந்தைகளில் நிறை சொல்லாதவர் தம் கல்லை இழப்பர். கல்லை இழந்தவர் அந்நகரத்தில் வேறெங்கும் விற்றல் ஆகாது. ஆகவே அந்த ஒரு முழக் கல்தான் கொற்றியின் பிழைப்பு. அவளுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு சந்தையும் இரண்டு நாள் நடைக்குள் இல்லை.

இவ்வாண்டு மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் அதன் அரிசி உதிரும். உதிர்ந்ததைத் தின்று எலி பெருகும். பெருகிய எலி, காட்டில் தின்றது தீர்ந்ததும் வீட்டுக்குள் வரும். இது நம் நாட்டுக் குழந்தைகளும் அறிந்த செய்தி. அமைச்சரும் அறிந்திருந்தார். அறிந்தும் அவர் செய்தது என்னவென்றால், கொற்றியின் கல்லுக்கு எதிர்க்கல்லில் நின்று பறை கொட்டி மந்திரக்கயிறு விற்கும் பூதன் என்பவனின் முழக்கத்தில் மயங்கி, எலி அண்டாது என்று அவன் சொன்ன கயிறுகள் முந்நூறு வாங்கி, அரண்மனைக் களஞ்சியத்தின் கதவுதோறும் கட்டுவித்தார். பத்தாம் நாள் திறந்து பார்த்தபோது கதவுகளில் கயிறு இல்லை. எலிகள் அவற்றை இழுத்துச் சென்று, விதைநெல் மூட்டைகளுக்கு நடுவே தம் குட்டிகளுக்கு மெத்தையாக இட்டிருந்தன. வெட்கத்தால் அமைச்சர் இதனை அன்று எவர்க்கும் சொல்லவில்லை.

ஆற்றங்கரைச் சுங்கச்சாவடியின் சிறு கிடங்கில் மட்டும் ஒரு நெல்மணியும் குறையவில்லை. அங்கிருந்த காவலரைக் கேட்டதற்கு, மூலையில் இருந்த ஒரு மூங்கில் பொறியைக் காட்டி, கொற்றி செய்தது என்றார். இத்தனை நல்ல பொருளை ஏன் ஊரார் அறியவில்லை என்று வியந்து, அமைச்சர் பல்லக்கும் குடையும் இன்றி மூங்கில்துறைச் சந்தைக்குச் சென்றார்.

முரசு அறைந்தது. கொற்றி கல்லின்மீது ஏறினாள். வயது நாற்பதுக்கு மேல். கைகள் தச்சனுடைய கைகள். குரலோ, பக்கத்துக் கல்லில் இருந்த வெற்றிலைக்காரிக்கே எட்டாத குரல். அவள் சொன்ன சொற்களைத் திருத்தாமல் இங்கே பொறிக்கிறோம். "மழைக்காலத்துல கதவு ஊதிக்கும். பாத்து வைக்கலேன்னா விரல நசுக்கிரும். பெருச்சாளி இதுக்குள்ள நுழையாது" என்றாள். முறை கேட்பது ஒரு குறை. அவள் தந்தவை மூன்று. நிறை வரும் என்று அமைச்சர் காத்து நின்றார். அவள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

அமைச்சர் அருகே சென்று, நிறையுரை எங்கே என்று வினவினார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் அங்கே கடை விரிப்பதும், முரசு அறைவோன் அவள்மேல் இரங்கி, மூன்றாம் சந்தைதோறும் அவள் ஏதோ முணுமுணுத்ததாக மன்றத்தில் சொல்லிக் கல்லைக் காத்து வந்ததும், அந்த இரக்கமுள்ளவன் சென்ற மாதம் பணி ஓய்ந்ததும் அப்போதுதான் தெரியவந்தன. தன் பொருளைத் தானே புகழ்ந்தால் நன்றாகவா இருக்கும் என்றும், பொறி நல்லதாயிருந்தால் அதுவே பேசாதா என்றும் கொற்றி கேட்டாள். பொறி பேசத் தொடங்கினால் எந்த எலி அம்மா உள்ளே வரும் என்று அமைச்சர் கேட்டார். வெற்றிலைக்காரி சிரித்தாள். கொற்றி அதையும் ஒரு குறையாக நினைத்துக்கொண்டாள் போலும், முகம் வாடிற்று.

அமைச்சர் பொறுமையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளுக்கு ஒரு கதை சொன்னார். பாலை வழியில் ஒரு கிணறும் ஒரு கானலும் இருந்தன. கிணறு அடக்கமுடையது, வா என்று வழிப்போக்கனை அழைப்பது தன் தகுதிக்கு அடாது என்று, தன்மேல் தழைகளை மூடிக்கொண்டு கிடந்தது. கானலோ விடிந்தது முதல் மின்னிக் குலுங்கி அழைத்தது. நா வறண்டு வந்தவன் கானலைத் துரத்திப்போய் மணலில் விழுந்தான். அவன் சாவுக்குக் கானல் ஒன்று மட்டுமா பொறுப்பு என்று கேட்டு நிறுத்தினார். கல்லும் கரையும் கதை என்பது அவர் எண்ணம். கொற்றியோ, "அந்தக் கெணத்துத் தண்ணி கொஞ்சம் சேறா இருந்திருக்கும் ஐயா. அதான் மூடிக்கிட்டு இருந்திருக்கு" என்றாள். முப்பது ஆண்டு அமைச்சுப் பணியில் பகைநாட்டுத் தூதர் எவரும் தம்மை இவ்வாறு சோர்வுறச் செய்ததில்லை என்று எயினனார் சொல்கிறார்.

பொறிகளின்மேல் அரண்மனை முத்திரையைச் சுட்டுக் கொடுத்துவிடலாமா, அவள் பேசவே வேண்டாமே என்று அவர் எண்ணியதும் உண்டு. அந்த எண்ணம் முடியுமுன் எதிர்க்கல்லில் பறை அதிர்ந்தது. கயிற்றின் மஞ்சள் நிறம் புடவையில் ஒட்டும், அவ்வளவுதான் குறை என்று சொல்லிவிட்டு, அரண்மனைக் களஞ்சியமே முந்நூறு கயிறு வாங்கியது என்று பூதன் முழங்கினான். அரண்மனையின் பெயர் என்ன விலை போகிறது என்று அமைச்சர் தம் காதாலேயே கேட்டார். வாய் திறந்து மறுக்க வேண்டியவர் அவர். மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்.

அடுத்த சந்தையிலும் கொற்றி மூன்று குறை சொல்லி இறங்கினாள். அதற்கடுத்ததே இறுதிச் சந்தை. அமைச்சர் மறுபடி சென்றார். முரசு அறைந்தது. அன்று அவள் கல்லின்மீது ஏறினாள், வாய் திறந்தாள், ஒரு குறையும்கூட வெளிவராமல் இறங்கிவிட்டாள். பூதன் அந்தக் கல்லைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான். இரண்டாம் பறைக்கு இடம் வேண்டுமாம்.

அப்போது உப்பு வண்டிக்காரன் மனைவி ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு பூதனிடம் வந்தாள். குழந்தையின் கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. முந்தின நாள் தொட்டிலில் எலி கடித்துவிட்டது என்றாள். "அரமனையே கட்டிருக்கு தாயி. ஒன் வீட்டு எலி என்ன, அரமனை எலியவிடப் பெரிய ஆளா?" என்று பூதன் கேட்கவே, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

கொற்றி எழுந்தாள். கல்லை விட்டு, கடையை விட்டு, ஒரு பொறியைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய், அத்தாயின் கையைப் பிடித்தாள். "கயித்த வாங்காத தாயி. அத எலி தின்னுட்டு, மறுபடி புள்ள காலுக்குத்தான் வரும். இதக் கொண்டுபோ. வாசல்ல வைக்காத; தொட்டிலுக்கும் நெல்லுப்பானைக்கும் நடுவுல வை. விடிஞ்சு பாரு, உள்ள எலி இருக்கும். நான் செஞ்சது. எனக்குத் தெரியும்" என்றாள்.

உரக்கவும் இல்லை, அழகாகவும் இல்லை. குரல் ஈரத்துணிபோல் நடுங்கிற்று. ஆயினும் அச்சொற்கள் ஆற்றுப் படித்துறை வரை கேட்டன என்று அங்கிருந்தோர் சொல்கிறார்கள், பறை நின்றுபோயிருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் அவள் கொண்டுவந்த பொறி அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. எட்டாம் நாள் அந்த உப்பு வண்டிக்காரன் மனைவி, பக்கத்து வீட்டுக்கென்று இன்னொரு பொறி கேட்டு வந்தாள்.

இதன்மேல்தான் மன்றத்தாரின் முறையீடு. கல்லின்மீது நில்லாமல் உரைத்தாளாம். குழந்தை கல்லுக்கு அருகே இல்லை. இருந்திருந்தால் அங்கேயே நின்று சொல்லியிருப்பாள். குறையுரைக்கு முன் நிறையுரை சொன்னாளாம், ஆகவே அது நிறையுரையே ஆகாதாம். பன்னிரண்டு ஆண்டாகச் சந்தைக்கு மூன்றாகக் குறை சொல்லிச் சேர்த்தவளிடம், ஒரு நாளைக்குக் குறை போதவில்லை என்று கேட்கும் மன்றத்தின் நாணமின்மையை என்னென்பது. பாம்பு மரம் ஏறுவது கண்டு கத்திய மைனாவை, சுருதி தவறிக் கத்தினாய் என்று ஆந்தைகளின் அவை தண்டிக்கத் தொடங்கியதாம். தீர்ப்பு எழுதி முடிப்பதற்குள் அவையில் இரண்டு ஆந்தைகள் குறைந்திருந்தன. அமைச்சர் இக்கதையைப் பெருஞ்சேந்தனார்க்கென்றே எழுதுவித்தார்.

அயலான் பொருளைப் பழித்தாள் என்பது மூன்றாம் குற்றம். இது ஒன்றே விடை சொல்லத் தக்கது. கயிற்றை எலி தின்னும் என்பது பழிச்சொல் என்றால், அதற்குச் சான்று வேண்டும். சான்று எயினனாரே. முந்நூறு கயிறும் எலிக்குட்டிகளுக்கு மெத்தையான செய்தியை, மன்னர் திருமுன்னும் மூங்கில்துறை மன்றத்தின் முன்னும், தம் கையெழுத்தோடு இவ்வோலையால் அறிவிக்கிறார். இதைச் சொல்ல வேண்டிய நாளில் அவர் சொல்லியிருந்தால் பூதன் வாய்க்கு அரண்மனையின் பெயர் கிடைத்திராது. ஒரு குழந்தையின் காலுக்கு மஞ்சள் கயிறு காவலாகப் போகவிருந்ததும் நேர்ந்திராது. அமைச்சர் சினந்ததில் மன்றத்தார்க்கு உரியது பாதியே. மறுபாதி யாருக்கு உரியது என்பதை மன்னர் அறிந்து, தக்கதைச் செய்வாராக.

ஆகவே ஆணை இது. கொற்றியின் கல் கொற்றிக்கே உரியது. அவள் அன்று கூறியது நிறையுரையே என்று மன்றத்து ஏட்டில் எழுதுக. பூதன் தன் கயிற்றை விற்கலாம், தடையில்லை. ஆனால் புடவையில் மஞ்சள் ஒட்டும் என்னும் குறையை விடுத்து, களஞ்சியத்தில் நடந்ததையே இனிச் சந்தைதோறும் குறையுரையாகச் சொல்லக் கடவன். களஞ்சியத்துக்கு இருநூறு பொறி வேண்டும். அதற்கு ஓலை வராது, முத்திரை வராது. களஞ்சியக் காவலர் வாங்குவோர் வரிசையில் வந்து நின்று, இது எலி பிடிக்குமா என்று கேட்பார். அவள் விடை சொல்ல வேண்டும். அவர் முகம் சுளித்தாலும் விலையைக் குறைக்கலாகாது. முகம் சுளிக்கும்படி அவரை ஏவியிருக்கிறோம்.

இத்தீர்ப்பை முன்னறிந்த கொற்றி, அன்று ஏதோ குழந்தைக்காக வாயில் சொல் வந்துவிட்டது, தனக்காகக் கூவ இனியும் வராது என்று சொல்லியனுப்பினாள். அதைக் கேட்ட அமைச்சர் தலைப்பாகையை மறுபடியும் கழற்றினார். பிறகு அவளுக்கு மட்டும் இவ்வளவு எழுதச் சொன்னார். உனக்காக யார் அம்மா கூவச் சொன்னார்? நீ கல்லின்மீது ஏறும்போதெல்லாம், உன் பொறி இன்னும் போய்ச் சேராத வீடு ஒன்று அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அதனிடம் சொல். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். முன்னோர் கேட்டது குரலைத்தான், நடுங்காத குரலை அன்று.

இவ்வாசகத்தைப் பெருஞ்சேந்தனார் தாமே கொற்றியின் கல்லருகே நின்று வாசித்துக் காட்டுவாராக. வாசிக்கும்போது தொண்டையைச் செருமாதிருப்பாராக.

மூங்கில் பூத்த ஆண்டு, கார்த்திகைத் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், தாழையூர்கிழார் எயினனார் சொல்ல எழுதி, அவரே வாசித்துச் சரிகண்டு, வேய்முத்திரை இட்டது. இதனைக் காத்தவர் குடி தழைக்க. மறந்தவர் வீட்டு நெல்லை எலியே அளக்க.