ஆறு மணிக்குப் பாப்பாவின் குரல்

ஜூன் 4

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். உன் தங்கை வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? கண்ணாடிக்கடை சுமாராக ஓடுகிறது. நேற்று ஸ்கேன் எடுத்தேன். கல்லீரலில் கொழுப்பு நன்றாகக் குறைந்துவிட்டதாம். காலை பத்து மணிக்கு மேல் சாப்பிட்டு, மாலை ஆறுக்குள் முடித்துவிடும் பழக்கத்தை எப்படி விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். பாப்பா போனில் போட்டுக் கொடுத்த ஆப் என்றேன். அந்தக் காய்ச்சலில் அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் அதில் அவள் பதிந்துவைத்த குரல்தான் என்னைத் தட்டிலிருந்து எழுப்புகிறது. "அப்பா, போதும், கையைக் கழுவுங்க."

நீ போனை எடுப்பதே இல்லை. எப்போது வருகிறாய்?

உன்,
கண்ணாடிக்கடைக்காரன்

ஜூன் 11

என்னங்க,

ஸ்கேன் விஷயம் படித்து மனசு ஆறியது. போனை ஏன் எடுப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியாதா? பேச்சுக்கு நடுவில் அந்தக் குரல் வந்துவிடுமோ என்று பயம். அங்கே இருந்தவரை, ஆறு மணியானால் வாசலைத்தான் பார்ப்பேன். வந்துவிட்டாள் என்றே தோன்றும். நீங்கள் பாட்டுக்கு "சரிம்மா" என்று எழுந்து போவீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை அழித்துவிடுங்கள். வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

டீச்சர்

ஜூன் 19

என்னங்க,

பதிலே இல்லையே, கோபமா? அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்று மாலை தங்கை என் தட்டில் இன்னும் கொஞ்சம் போட வந்தாள். "போதும், கையைக் கழுவணும்" என்றேன். யார் பேச்சு அது என்று அப்புறம்தான் உறைத்தது. படுத்துக்கொண்டு பாப்பா சொல்வதுபோல் நினைத்துப் பார்த்தேன். வார்த்தை வருகிறது, குரல் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.

உங்கள்,
டீச்சர்

ஜூன் 23

டீச்சர்,

உன் முதல் கடிதம் வந்த அன்றே ஆப்பையே அழித்துவிட்டேன். நீ வந்தால் போதும் என்றிருந்தது. அழித்த பிறகு கை ஓடவில்லை, அதனால்தான் பதில் எழுதவில்லை. போன் கடைக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். ஆப் திரும்ப வந்தது, குரல் வரவில்லை. இப்போது ஆறு மணிக்கு வெறும் மணிச் சத்தம். அதற்கு என்ன பதில் சொல்வது?

நீ கேட்க வருவது இங்கே இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன். தெரிந்துகொண்டு வருவதென்றால் வா. சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, கடைசி பஸ் போகும்வரை நிலையத்தில் நிற்பேன்.