தனித்தட்டு

அடியே,

இன்று மதியம் ஆபீஸ் குரூப்பில் உன் வரி வந்து விழுந்தது. "எல்லாம் பாஸாயிடுச்சிடி, வா நாஸ்தா துன்னலாம்!" புரோகிராமைக் கட்டிச் சோதிக்கும் பில்டு நல்லபடியாக முடிந்தால் மெஷினே அனுப்பட்டும் என்று நீ எழுதிவைத்த வரி. நீ போன பிறகும் தினமும்தான் வருகிறது. ஆனால் இன்று அது வந்த வேகம் இருக்கிறதே! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்திவிட்டேன். முதலாளி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அப்போதெல்லாம் ஆபீஸுக்கு வர நான் செங்கல்பட்டில் பஸ் ஏறிச் சீட்டுப் பிடித்து வைப்பேன். நீ திருக்கழுக்குன்றத்தில் ஏறி உட்காரும்போதே திட்ட ஆரம்பிப்பாய். திட்டு எனக்கில்லை, மாற்றங்களைச் சோதித்து அனுப்பும் நம் பைப்லைனுக்கு. மீனவர்களுக்குக் காற்று எச்சரிக்கை சொல்லும் ஆப் நம்முடையது. அதன் புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினாலும் மெஷின் முதலில் ஆப்பைப் புதிதாகக் கட்டும். பிறகு எச்சரிக்கை டெஸ்ட், அது முடிந்தால் வரைபட டெஸ்ட், அதுவும் முடிந்தால் குரல் டெஸ்ட். போனுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். "ஒண்ணுக்கொண்ணு இன்னாடி சம்மந்தம்? மூணும் ஒரே நேரத்துல ஓடட்டுமே, இன்னாத்துக்குக் க்யூவுல நின்னுகினு கீது?" என்று நீ போடும் சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

சொன்னபடி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டாய். பேஜார் ஆரம்பித்தது. ஒருநாள் வரைபட டெஸ்ட் தோற்று விழும், மறுநாள் குரல் டெஸ்ட் விழும். மறுபடி ஓட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் பச்சை காட்டும். "பழையபடியே வுட்டுடும்மா" என்றார் முதலாளி. "வுடமாட்டேன் சார், இது ஓடும்" என்றாய். அந்த வாரம்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். அப்புறம் நீ வரவேயில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து, மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து நம் பூரிக்கடைக்கு நான் மட்டும் போனேன். கடைக்கார அக்கா பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு வைத்தார். ஒரே தட்டில் தின்று, கடைசி வடைக்கு நாம் அடித்துக்கொண்ட நாளிலிருந்து அவர் வைப்பது அப்படித்தானே. "ஒரே தட்டுல ரெண்டு கை வெச்சா சண்டதான்டி வரும், இனிமே தனித்தட்டு" என்று அன்று தீர்ப்புச் சொன்னதே நீதான்.

காலித் தட்டைப் பார்த்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே உறைத்தது. மூன்று டெஸ்டும் தகவலைச் சேமிக்கும் ஒரே டேட்டாபேஸில்தானே கை வைக்கின்றன! ஒன்று எழுதிவைப்பதை இன்னொன்று துடைத்துவிடுகிறது! பூரியை அப்படியே போட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன். "இன்னாம்மா ஆச்சு?" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினார். ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ் கொடுத்தேன். அதற்குப் பிறகு சண்டையே இல்லை.

அதன் அருமை இன்றுதான் தெரிந்தது. கடப்பாக்கத்திலிருந்து ஒரு மீனவர் போன் செய்தார். "இன்னாம்மா, வானம் இருட்டிகினு வருது, உங்க ஆப்புல காத்து இல்லன்னு போட்டுக்கீது?"

பார்த்தால், நேற்றைய அறிவிப்பே இன்றும் நிற்கிறது. அவரைக் கடலில் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்ற ஊர்க் கரைகளுக்கு யார் சொல்வது? இன்னும் ஒரு மணி நேரத்தில் வலை போடப் படகுகள் கிளம்பிவிடும். பழைய க்யூவாக இருந்திருந்தால் எல்லோரும் கடலுக்குள் போன பிறகுதான் எச்சரிக்கை போயிருக்கும்.

தப்பு புரோகிராமின் ஒரே வரியில். திருத்தி அனுப்பினேன். ஆப் கட்டி முடிந்ததும் மூன்று டெஸ்டும் ஒன்றாகக் கிளம்பின. எச்சரிக்கை பச்சை. குரல் பச்சை. வரைபடம் மட்டும் இழுத்தது, இழுத்தது, என் உயிரும் கூடவே இழுத்தது. பச்சை! உடனே உன் வரி. கொஞ்ச நேரத்தில் கடப்பாக்கத்துக்காரர் மறுபடி கூப்பிட்டார். "வந்துடுச்சிம்மா. எல்லா ஊருக்கும் போன் போட்டுக் கேட்டுட்டேன், எந்தக் கரையிலயும் யாரும் எறங்கல."

நீ ஓடும் என்றாய், ஓடியதடி! அதைப் பார்க்க நீ இல்லையே என்றுதான் வயிறு எரிகிறது. இப்போதெல்லாம் இரண்டு பேர் சேர்ந்து எந்த வேலை செய்தாலும், முதலில் தட்டு எத்தனை இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். அக்காவிடம் நானே கேட்டு இரண்டு தட்டு வாங்கி, உன் தட்டிலும் பூரி வைத்தேன். வடையை மட்டும் நானே தின்றுவிட்டேன். தைரியமிருந்தால் வந்து சண்டை போடு.