விளக்கமறியலுக்குப் பின் ஒரு வாக்கியம்

இன்று காலை நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், பதுளை பஸ் நிலையத்தில் ஒரு இஞ்சி டொபி வாங்கினேன். தாளைப் பிரித்ததும் உன் வாசனை வந்தது. குரல் கட்டிவிடக் கூடாதென்று, கூண்டருகே போய் நிற்பதற்கு முன் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாய். நீதவான் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வது உன் வேலை. தாள்களை மொழிபெயர்ப்பது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். இன்று உன் இடத்தில் நிற்க ஆளில்லாமல் என்னை அனுப்பிவிட்டார்கள்.

கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அந்த அக்கா நினைவிருக்கிறதா? தோட்டத்து மரத்தை வெட்டியதாக அவருடைய கணவரைப் பிடித்திருந்தார்கள். "பதினான்கு நாள் விளக்கமறியல்" என்று நீ தெளிவாகத்தான் சொன்னாய். அவர் தலையாட்டினார், கும்பிட்டார், வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். மத்தியானம் நாம் சாப்பிடப் போனபோதும் மடியில் சோற்றுப் பார்சலோடு அங்கேயே இருந்தார்.

"சாப்பிடலயாக்கா?" என்றாய்.

"அவரு வரட்டும் மிஸ். விளக்கம் கேட்டுட்டு விட்டுருவாங்கல்ல? பதினாலு நாளா என்னா செஞ்சாருன்னு கேப்பாங்களாக்கும்."

சிறை, காவல், கொட்டடி, காராக்கிருகம் என்று நான் படித்த சொற்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. நீ அந்த ஈரப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"அக்கா, நான் சரியா சொல்லல. என் தப்பு. அவரு இன்னைக்கு வீட்டுக்கு வரமாட்டாரு. மறியல்லதான் பூட்டி வெச்சிருப்பாங்க. பதினாலு நாளு கழிச்சு இங்கதான் திரும்பக் கூட்டிட்டு வருவாங்க."

அவர் பார்சலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபம் வந்தது. "அப்ப மறியல்னே சொல்ல வேண்டியதுதானே! முன்னாடி என்னா விளக்கம் வேண்டிக் கெடக்கு?"

"எனக்கும் தெரியலக்கா."

அன்று மாலை பண்டாரவளை பஸ்ஸில், உன்னைத் தேற்றுவதாக நினைத்து, பழந்தமிழில் சிறை என்றால் சிறகு என்றும் பொருள் உண்டு என்றேன்.

"பறக்குறதுக்கும் அடைக்கிறதுக்கும் ஒரே சொல்லா?" என்று வியந்தாய். அப்புறம் சிரித்தாய். "நல்ல வேள, இத அந்த அக்காகிட்ட சொல்லாம விட்ட. செருப்பக் கழட்டியிருப்பாங்கடீ."

அதன் பிறகு, சட்டச் சொல்லைச் சொன்ன கையோடு, "இன்னைக்கு வீட்டுக்கு வரமாட்டாரு" என்றும் சொல்ல ஆரம்பித்தாய். தமிழில் இது இத்தனை நீளமா என்று நீதவான் ஒருநாள் கேட்டார். "கேட்பவருக்குப் புரியும்வரை நீளம், ஐயா" என்றாய். அவர் பேனாவை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். நானும்தான். ஒரு மொழி முழுவதும் உன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது.

பிறகு நீ நோயில் விழுந்தாய்; ஆஸ்பத்திரியில் உன்னைப் பற்றி டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார். எல்லாம் பெரிய சொற்கள். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தார். நன்றாகத் தேறிவிடுவாள் என்றேன். எனக்குப் புரிந்திருந்தது; இருந்தும் சொல்லவில்லை. இரண்டு நாள் அம்மா வீட்டில் உனக்குக் கஞ்சி காய்ச்சி வைத்துக் காத்திருந்தார். அந்தப் படியில் அந்த அக்கா காத்திருந்தது போலவே. நீ உயிரோடு வீடு திரும்பவில்லை.

இன்று கூண்டில் நின்றவன் என் வயதுக்காரன். அவனுடைய அம்மா சுவரோரம் நின்றார். "பதினான்கு நாள் விளக்கமறியல்" என்றேன். அவர் தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். டொபியை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினேன்.

"அம்மா, மகன் இன்னைக்கு வீட்டுக்கு வரமாட்டாரு."

அவர் அழவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "சோறு குடுக்க விடுவாங்களா மிஸ்?"

அவருக்குப் புரிந்துவிட்டது. கேட்டுச் சொல்கிறேன் என்று, நீ நடப்பதைப்போலவே வேகமாக, காவலர் பக்கம் போனேன்.