ஒரு தடவ இருமச் சொல்லு

மின்சாரக் கட்டண ரசீதைத் தேடி இழுப்பறைக்குள் கையை விட்டேன். அகப்பட்டது உன் கைப்பேசி. உறையில் இன்னும் தைல வாசனை இருக்கிறது. நெற்றியில் தேய்த்த விரலோடு போனைத் தொடாதே என்று எத்தனை முறை உன்னிடம் சண்டை போட்டிருப்பேன்! இப்போது அந்த வாசனை போய்விடக் கூடாதே என்று உறையைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். ஆனாலும் அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பாசம் இல்லை, பயம். அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் உனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கூடவே இருந்த சிநேகிதி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் நீ நடத்திய போன் வகுப்பு நினைவிருக்கிறதா? வங்கி கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நீ. பணத்தை இழந்துவிட்டு உன் முன்னால் வந்து அழுதவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வகுப்பை ஆரம்பித்தாய். "உங்க வாட்சாப் இந்த போனுக்குள்ள இல்ல. எங்கியோ ஒரு கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கு. அதுக்குக் கண்ணு கிடையாதுலா. அது அனுப்புற ஆறு நம்பர யாரு சொல்றாங்களோ, அவங்கதான் நீங்கன்னு நம்பும்" என்பாய். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படிக்கச் சொல்வாய். "அவசரம்னு யாராச்சும் எழுதினா நம்பாதீங்க. கூப்பிட்டுக் குரலக் கேளுங்க." நான் பின்னால் காப்பி கலக்கிக்கொண்டே, இதெல்லாம் ஒரு பாடமா என்று சிரிப்பேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இந்தப் போனை என் கையில் கொடுத்தாய். சித்தியவானில் உன் அக்கா இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருந்த நேரம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி உன்னைப் படிக்க வைத்த அக்கா. "ஆப்பரேஷன் முடியற வரைக்கும் அவகிட்ட சொல்லாத ரோஸி. தொண்ட போச்சு, டாக்டர் பேசக் கூடாதுங்கிறாருன்னு சொல்லியிருக்கேன். நீயே நான் மாதிரி எழுது. போன் திறக்குற நம்பர் உனக்குத் தெரியும். வாட்சாப்புல ரெண்டாவது பூட்டு ஒன்னு போட்டிருந்தேன், எடுத்துட்டேன். அது உனக்கு ஞாபகம் இருக்காது" என்றாய். நான் தலையாட்டினேன். அதன்பிறகு ஐந்து நாள்தான் இருந்தாய்.

அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. அன்றோடு என் வேலையும் முடிந்திருக்க வேண்டும். உன் அக்கா மகன்தான், "இப்ப வேணாம் ஆண்ட்டி, அம்மா இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்றான். அவன் மேல் பழி போடவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. அக்கா காலையில் ஒரு பூப்படம் அனுப்புவார். நான் ஒரு பூப்படம் அனுப்பி, 'மருந்து சாப்ட்டியா' என்று கேட்பேன். உன்னைப் போலவே தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, உன்னைப் போலவே கடைசியில் மூன்று புள்ளி வைப்பேன். இரண்டு மாதம் இப்படிப் போனது. அந்த ஐந்து நிமிடம் நீ உயிரோடு இருப்பதுபோல் இருக்கும். உண்மையைச் சொன்னால், நிறுத்த எனக்கு மனமில்லை.

பிறகு ஒரு காலை, பாகான் செராயில் இருக்கும் உன் பழைய சிநேகிதி பெயரில் உன் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நீ போனது அவளுக்குத் தெரியாது. 'என் ஆறு எண் தவறிப்போய் உன் போனுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு' என்றிருந்தது. பேச்சை வளர்த்தால் நான் நீ இல்லை என்று கண்டுபிடித்துவிடுவாள். கேட்டதைக் கொடுத்து ஆளை அனுப்பிவிடலாம் என்று அந்த ஆறு எண்ணையும் அடித்து அனுப்பினேன். சிறிது நேரத்தில் உன் வாட்சாப் முதலிலிருந்து பதிவு செய்யச் சொல்லிக் கேட்டது. லைன் சரியில்லை என்று போனை மூடி வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். அவளுடைய கணக்கு முந்தின நாளே திருடுபோயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்காவின் பூப்படம் அன்று அந்தத் திருடனிடம் போயிருக்கிறது.

பதினோரு மணிக்கு என் போன் அடித்தது. அக்கா.

"ரோஸி, அவளுக்கு என்ன ஆச்சு? ஆஸ்பத்திரிக்குக் கட்டணுமாம், உடனே மூவாயிரம் வெள்ளி கேக்குறா. மலாய்ல எழுதுறா, மருந்து மயக்கமோ என்னமோ. அவ குடுத்த பேங்க் நம்பர் போட்டா யாரோ ஆம்பள பேரு வருது. பேரப் பாருன்னு அவதான சொல்லுவா, அதான் உன்னக் கேக்குறேன். இது டாக்டர் பேரா?"

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. "அக்கா, கைய எடுங்க. எதையும் அமுக்காதீங்க. அது அவ இல்ல, யாரோ திருடன்."

"என்னா பேசுற நீ? நேத்துகூட மருந்து சாப்ட்டியான்னு கேட்டா. இன்னைக்குத் திருடனா?" அவர் போனில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. "இந்தா, இன்னொன்னு வந்திருச்சு. சீக்கிரமாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். ஐயோ, என்ன நெலமையில இருக்காளோ. நான் அனுப்புறேன்."

"அக்கா, வேணாம்."

"அப்போ போன அவகிட்ட குடு. பேச வேணாம். ஒரு தடவ இருமச் சொல்லு, போதும். அவ இருமல் எனக்குத் தெரியும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானே இருமிவிடலாமா என்று நினைத்தேன். அவர் மகனைக் கூப்பிடலாம் என்றால், லூமுட்டில் அவன் வேலை செய்யும் இடத்தில் போனுக்கு அனுமதி இல்லை, பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். மூவாயிரம் போனால் போகட்டும், நானே கட்டிவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் ஒருமுறை கொடுத்தவரை அந்தத் திருடன் விடுவானா? நாளைக்கும் உன் பெயரில் கேட்பான். உன் அக்கா நகையைக் கழற்றியாவது கொடுப்பார். சொன்னால் அந்த இதயம் தாங்குமோ என்ற பயம் ஒரு பக்கம், சொல்லாமல் விட்டால் அவர் விரல் இறங்கிவிடும் என்ற பயம் மறுபக்கம். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, பக்கத்து வீட்டு மாக்சிக்கக் கூப்பிடுங்க. அவங்க வந்து உங்க பக்கத்துல உக்காந்ததும் சொல்றேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மலாய்க்கார அம்மாவைக் கூப்பிடும் குரலும், கதவு திறக்கும் சத்தமும், நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டன.

"ம், சொல்லு."

"அவ இல்லக்கா. உங்க ஆப்பரேஷனுக்கு முன்னாடியே போயிட்டா."

அழுகையை எதிர்பார்த்தேன். "அப்போ தெனம் காலையில மருந்து சாப்ட்டியான்னு கேட்டது?" என்றார்.

"நான்தான்க்கா."

"அந்தப் பூவெல்லாம்?"

"நான்தான்."

"முட்டி வலிக்குதுன்னப்ப தைலம் போடச் சொன்னது?"

"நான்தான்க்கா."

"அவன் இன்னைக்கு ஒரு காலையில செஞ்சத நீ ரெண்டு மாசமா செஞ்சிருக்க" என்றார். லைன் துண்டிக்கப்பட்டது.

நான் காரை எடுத்துக்கொண்டு சித்தியவானுக்கு ஓடினேன். பணம் போகவில்லை. உன் அக்காவின் இதயமும் தாங்கிக்கொண்டது. என்னைத்தான் அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மாலையில் மகன் வந்து, போலீசில் புகார் கொடுத்து, உன் கணக்கை மீட்டு, பிறகு அதை நிரந்தரமாக மூடினான். மூடட்டுமா என்று திரை கேட்டபோது அவன் என்னைப் பார்த்தான். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

மூன்று வாரம் கழித்து உன் கல்லறைக்கு வந்தோமே, அன்றைக்குத்தான் அக்கா என்னிடம் பேசினார். "அவ சொன்னதத்தான் செஞ்ச, தெரியுது. ஆனா இனிமே எனக்கு எழுதாத ரோஸி. கேக்கணும்னா வாயால கேளு."

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். இப்போதும் தினம் காலையில் அதைக் கேட்கிறேன், என் குரலில். என் பெயர் திரையில் வந்தாலும் அக்கா போனை எடுத்ததும் முதலில் அவர்தான் கேட்பார்.

"யாரு?"

"ரோஸிக்கா."

"வேற யாரும் இல்லையே?"

"இல்லக்கா. நான் மட்டுந்தான்."

பிறகு நான் மருந்து சாப்பிட்டாரா என்று கேட்பேன்.