ஒரு அடிச் சுவர்

12 ஆகஸ்ட் 2009
பரங்கிப்பேட்டைக்குப் புதுச் சந்தை. அதன் கட்டடத்தை வரையும் வேலை எனக்கே வந்துவிட்டது. அம்மா கீரை விற்கும் அதே சந்தை! "உங்க ஊரு, நீயே வரைஞ்சிடும்மா எழில்" என்றார் ஆபீசில் ராஜசபேசன் சார். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எனக்கு நெழல்ல ஒரு எடம் கெடைக்குமா?"

சாக்கடை ஓரத்தில், கீரை வதங்கும் வெயிலில் உட்கார்ந்தே என்னைப் படிக்கவைத்தவள். காலனிக்காரிக்கு உள்ளே இடமில்லை என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கிடைத்ததும் இல்லை.

6 செப்டம்பர்
பிச்சாவரம் போனேன். சுரபுன்னைக் காட்டில் எந்த வேர் எந்த மரத்துடையது என்றே தெரியவில்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இதுதான் என் சந்தை! வேர் மாதிரி பிரியும் தூண்கள், வளைந்து போகும் ஒரே நீள மேடை. நடுவில் தடுப்பே கிடையாது. எல்லா சாதியும் ஒரே மேடையில்.

9 செப்டம்பர்
அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல என் எடம் எது?"

"எல்லாமே உன் எடம்தாம்மா."

"அதெப்டி? ஒரு அடி ஒசரத்துல செவுரு வெச்சுக் குடு எழிலு. நாலு பக்கமும் வேணாம், ரெண்டு பக்கம் போதும்."

சுவர் கூடாது என்பதற்குத்தானே இத்தனையும் என்று விளக்கினேன். சிரித்தும்விட்டேன். பாவம், பழைய பயம் அவளுக்கு.

11 ஜனவரி 2011
திறப்பு விழா. மேடையின் நட்டநடுவில் அம்மா, பக்கத்தில் பூசணிக்காய் விற்கும் ஊர்த்தெரு மாரியம்மாள். கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுதுவிட்டேன்.

2 மார்ச்
"எப்படிம்மா இருக்கு?" "நல்லா ஜில்லுன்னு இருக்கு." இதைவிட என்ன வேண்டும்?

19 மே
சென்னையிலிருந்து சிலர் சந்தையைப் பார்க்க வந்தார்கள். அம்மாவை அவர்களுக்குக் காட்டத் தேடினேன். மேடையில் இல்லை. வாசலுக்கு வெளியே, கொளுத்தும் வெயிலில், சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

முதலில் மாரியம்மாளின் பூசணிகள் கொஞ்சம் நகர்ந்து வந்தனவாம். அப்புறம் அவள் மருமகளின் கூடை. "செத்த தள்ளி ஒக்காரு இருசா." தள்ளித் தள்ளி, கடைசியில் மேடையே தீர்ந்துபோனதாம்.

"சண்ட போட வேண்டியதுதானே!"

"என்னான்னு போடறது? இது என் எடம்னு காட்ட அங்க என்னா இருக்கு?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஆசையா கட்டுன."

அய்யோ அம்மா — நான் என்ன செஞ்சி வெச்சிருக்கேன்?

20 மே
மாரியம்மாளிடம் சண்டைக்கே போனேன். அவள் கோபப்படவில்லை. "மேட பொதுன்னு நீதானம்மா சொன்ன?"

28 மே
சுவர் வைக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். "டிசைனே போயிடும்மா. வேருக்கு ஏது சுவரு?" என்றார். என் வார்த்தைகள்தான்.

1 ஜனவரி 2012
முந்தாநாள் 'தானே' புயல் அடித்தது. ஊரில் மரமே மிஞ்சவில்லை. சந்தைக் கூரை அசையவில்லை என்று சாருக்கு ஒரே பெருமை. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் பறந்துவிட்டது. விடியவிடிய நனைந்ததில் அம்மாவுக்குக் காய்ச்சல், இருமல். ஊருக்குச் சந்தை கட்டினேன், வீட்டுக்கு ஒரு நல்ல கூரை போடத் தோன்றவில்லை.

9 ஜனவரி
அம்மா போய்விட்டாள்.

15 ஜனவரி
ஊரில் பொங்கல். எங்களுக்கு இல்லை.

26 ஜனவரி
கருமாதி முடிந்தது. மாரியம்மாளும் வந்து, மனம்விட்டு அழுதாள். அவள்மேல் கோபம் வரவில்லை.

இன்று கொத்தனார் கொளஞ்சியைக் கூட்டிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனேன். அம்மாவைப் புதைத்த மண் இன்னும் ஈரமாகவே இருந்தது.

"செவுரு எம்மாம் ஒசரம் வெக்கட்டும்மா?"

"ஒரு அடி."

"ரெண்டு பக்கமா, சுத்தியுமா?"

"நாலு பக்கமும் வையுங்க" என்றேன்.